நடுச்சாலையில் எடுத்த மைப்படி

தொல்லியல் கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். "பயன்படுகிற மாதிரி எழுதுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். நான் வழக்கமாகப் பேசுவது பயன்படாது என்று அவருக்கு எண்ணம் போலிருக்கிறது. இருக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கழகத்துக்காகச் சைக்கிள் மிதித்து முழங்கால் தேய்ந்தவள் நான். எனக்குத் தோன்றியதைத்தான் எழுதுவேன்.

கல்லை எப்படி அளப்பது, வட்டெழுத்தை எப்படிப் படிப்பது என்றெல்லாம் இதில் இருக்காது. அதற்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. நேற்றுதான் சேர்ந்தவர்களுக்காக இரண்டே வரி. நடுகல் என்பது ஊருக்காகச் சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல். மைப்படி என்பது கல்லில் இருக்கிற எழுத்தின் மேல் ஈரத் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கிற நகல். இந்த இரண்டும் தெரிந்தால் போதும், நான் சொல்வது புரியும். ஒரு கல்லில் நான் செய்த தப்பையும், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதையும், கடைசியில் ஜெயித்ததையும் சொல்லப்போகிறேன். ஆமாம், ஜெயித்தோம். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

இன்றைக்கு நீங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற கட்டடத்தைப் பார்த்து, கழகம் பிறக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கள்ளக்குறிச்சிக் கிளை என்பது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மரப்படி ஏறித்தான் போக வேண்டும். தட்டச்சு செய்வதற்கென்று என்னை எடுத்தார்கள். வெளியே போக ஆள் கிடைக்காததால் களப்பணியும் என் தலையில் விழுந்தது. மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் வாத்தியார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், சோழனா பல்லவனா என்று சண்டை போடுவார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் ஊருக்கு ஊர் நடுகல் இருக்கிறது என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நான் போனேன். சைக்கிளில், தோளில் ஒரு பையோடு. பைக்குள் தாள், பிரஷ், மை, ஒரு டப்பா பொட்டுக்கடலை. அந்தப் பையைப் பார்த்ததும் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடும், ஊசி போட வந்த நர்ஸ் என்று. "கழகத்துலேர்ந்து வரேங்க" என்றால், "எந்தக் கழகம்மா? மறுபடி எலெக்சன் வந்துட்ச்சா?" என்பார்கள். கொஞ்ச நாளில் விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டேன். நர்ஸ் என்று நினைத்தால் குடிக்க மோராவது கொடுத்தார்கள்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்றில்தான் அந்தக் கல் இருந்தது. ஊரின் பெயரை எழுதமாட்டேன். கல் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, சிலை கடத்துகிறவர்களுக்கும் படிக்கத் தெரியும். மலைக்குப் போகிற சாலை ஓரம், வேப்பமரத்தடியில், இடுப்பு உயரத்துக்கு நின்றது. ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிட்டார்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசிக் கல் முழுக்கக் கருப்பாக அப்பிக்கிடந்தது. வில் பிடித்த ஒரு ஆள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. அதன் தலைக்கு மேலே எழுத்து இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? முதல் வேலையாகக் கல்லைச் சுத்தம் செய். சுற்றுமுற்றும் பார்த்தேன், மரத்தடியில் யாரும் இல்லை. பக்கத்து மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பிடித்து வந்து, தேங்காய் நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மேல் பக்கத்தில் நாலு வரி பளிச்சென்று வெளியே வந்தது. வட்டெழுத்து! என் சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். தனியாக நின்றுகொண்டு கையைத் தட்டிச் சிரித்தேன். தெரிந்த வரையில் நாலு வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வரிக்கு நாரை எடுத்தபோது பின்னால் ஒரு கூச்சல் கேட்டது.

"அடிப் பாவி! சாமிய இன்னாடி பண்ணிக்கினு கீற?"

அவர்தான் அஞ்சலை. நாற்பது வயசிருக்கும். பக்கத்துக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் களைக்கொத்தோடு ஓடி வந்து நின்றார். அந்தக் கல்லுக்கு எண்ணெய் பூசுகிற பொறுப்பு அவர் குடும்பத்துப் பெண்களுடையது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"எங்க மாமியா சாவறதுக்கு முன்னாடி கைப்படப் பூசின எண்ணெம்மா அது. வழிச்சு மண்ணுல போட்டுட்டியே!"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கோ வாய் நிற்காது. "அழுக்குதானேக்கா எடுத்தேன்" என்றேன்.

"அழுக்கா?" என்றார் அஞ்சலை. ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதியை அச்சில் போட முடியாது. அரை ஊர் கூடிவிட்டது. அவருடைய தம்பி ஏழுமலை, இருபத்தைந்து வயசு வாலிபன், என் பையைப் பிடுங்கி மரக்கிளையில் மாட்டிவிட்டான். நல்லெண்ணெயும் மஞ்சளும் நானே போய் வாங்கி வந்து, தேய்த்த இடம் முழுக்க என் கையாலேயே பூச வேண்டும் என்று தீர்ப்பு ஆயிற்று. பூசினேன். அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. நான் அழுததைப் பார்த்ததும் அஞ்சலைக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஒரு சொம்பு கூழைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"சாமியக் கழுவறதுன்னா நாங்கதான் கழுவணும். புளியும் சீயக்காயும் போட்டுக் கழுவி, பொங்க வெச்சு, புது எண்ணெ பூசணும். பன்னெண்டு வருசத்துக்கு ஒரு தபா. இல்லாங்காட்டி சாமி எடம் பேர்ந்தாக் கழுவணும். போறவங்க வர்றவங்கல்லாம் தேய்க்கிறதுக்கு இது இன்னா அண்டாவா?"

"அடுத்தது எப்பக்கா கழுவுவீங்க?"

விரல் விட்டு எண்ணினார். "இன்னும் ஏழு வருசம் கீது. அப்ப வா."

இது சிரிக்கிற விஷயமாக இப்போது இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இதுதான். நான் நோட்டில் எழுதிய நாலு வரியைக் கழகத்தின் மாநிலக் குழுவுக்கு அனுப்பினேன். கண்ணால் பார்த்து எழுதியதைப் பதிப்பிக்க முடியாது, மைப்படி அனுப்பவும் என்று பதில் வந்தது. ஊரார் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினேன். அதற்கு வந்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வருஷக் கடைசியில் குழு கள்ளக்குறிச்சிக்கே வரும், அதற்குள் புதிய கல்வெட்டு ஒன்றுகூடக் கொடுக்காத கிளையை மூடிவிடுவார்கள். கிளை மூடினால் என் வேலையும் போச்சு. அதைவிட, அந்த மலையடிவாரம் முழுக்க எழுத்தோடு நிற்கிற கற்களை இனி யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள்.

வாத்தியார்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், சட்டம் நம் பக்கம், போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போ என்றார். இன்னொருவர், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் ஒரு மணி நேர வேலை என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை அப்படிப் போனேன். இரண்டு தடவையும் அஞ்சலை பக்கத்துக் கழனியில் இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் நம் பக்கம் முழுக்க இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தது. சாலை மறியல் தொடங்கியதும் வடக்கு மாவட்டங்களே நின்றுவிட்டன. மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நின்றன என்று சொன்னார்கள். பஸ் கிடையாது, பேப்பர் கிடையாது. வேறு ஊர்களில் உயிர் போயிருக்கிறது என்று செய்தி வந்தது. யார் வீட்டிலும் சரியாகச் சாப்பிட முடியாத நாட்கள் அவை. உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள்.

மறியல் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, வரப்பு வழியாகச் சைக்கிள் தள்ளிக்கொண்டு பால் கொண்டுவந்தவர் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்தினார். "யம்மா! உன் சாமி ரோட்டுல மறியல் பண்ணிக்கினு கீது! மிஷின் வருதாம், ஓடு!"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாலையில் போக முடியாது, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சியை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

நடுச்சாலையில் தாரைத் தோண்டி, அதில் கல்லை நட்டிருந்தார்கள். கழுத்தில் அரளி மாலை, இரண்டு பக்கமும் வேப்பிலை. அதற்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஏழுமலைதான் முன்வரிசையில்.

"ஊருக்காக உசுரக் குட்த்தவருக்கா அவரு" என்றான் என்னைப் பார்த்து. "எங்களுக்கு ஒண்ணுன்னா மரத்தடியில குந்திக்கினு வேடிக்க பாப்பாரா? அதான் இட்டாந்துட்டோம்."

எதிர்ப்பக்கம் இரண்டு போலீஸ் வேன்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு புல்டோசர், முந்தின ஊரில் மரங்களைத் தள்ளிவிட்டு வந்தது. அதன் டிரைவர் கீழே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏத்த மாட்டேன் சார். எனக்குப் புள்ளகுட்டி கீது. வேலய விட்டு எட்துடுங்க, பரவால்ல." பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி இரண்டு நாளாகத் தூங்காத முகத்தோடு இருந்தார். வேறு டிரைவருக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது, அந்த ஆள் வந்ததும் கல்லோடு சேர்த்துத் தள்ளிவிடப்போவதாகச் சொன்னார். கல்லைத் தொட்டால் ஊர் எழுந்திருக்கும். ஊர் எழுந்தால் தடி எழும். தடிக்கு மேல் என்ன எழும் என்று அந்த வாரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதிகாரி என் பையைப் பார்த்தார். "யாரும்மா நீ? நர்ஸா?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தொல்லியலா! நல்லதாப் போச்சு. இது பழைய கல்லு, இவங்க பேத்து எடுத்துட்டாங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. பேத்தது யாருன்னு பேர் போடு. கேஸ் ஆயிடும், கல்லை வேன்ல ஏத்திக் கொண்டுபோய்த் தாலுகா ஆபீசுல வெச்சுப் பூட்டிடறேன். நீ ஆற அமர உக்காந்து என்ன வேணுமோ எடுத்துக்கோ. உன் கல்லும் பத்திரம், என் ரோடும் கிளியர்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். யோசித்துப் பாருங்கள். எனக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் இருந்தது. கல் புல்டோசரிலிருந்து தப்பிக்கும், மைப்படி கிடைக்கும், கிளை பிழைக்கும், என் வேலை நிலைக்கும்.

நான் பேனாவை எடுத்தேன். ஒளிக்கமாட்டேன், எடுத்தேன். நோட்டைப் பிரித்து அன்றைய தேதியைக்கூட எழுதிவிட்டேன்.

நிமிர்ந்தபோது கூட்டத்துக்கு நடுவே அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். அதே பார்வை. "எழுதிக் குட்த்துடு" என்றார் உரக்க. "அன்னிக்கே ஊரு சொல்ச்சு, இவ சாமியத் தூக்கிக்கினு போவத்தான் வரான்னு. நான்தான் அழுதவளாச்சேன்னு நெனச்சேன்."

எனக்குச் சுரீர் என்றது. கோபம்கூட வந்தது, இவர்கள் செய்த வேலைக்கு நான் பேச்சு வாங்குகிறேனே என்று. ஆனால் அந்தக் கோபத்திலேயே புத்தியும் வந்தது. இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் ஏழுமலை ஜெயிலுக்குப் போவான். கல் தாலுகா ஆபீஸ் மூலையில் கிடக்கும். அதோடு, இங்கிருந்து மலை வரைக்கும் எந்த ஊரிலும் இந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருத்தரும் இனி நுழைய முடியாது. ஒரு கல்லை வாங்கிக்கொண்டு மற்ற எல்லாக் கல்லையும் நான் விற்றுவிட்டதாக ஆகும். சட்டம் என் பக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஊர் என் பக்கம் இல்லையென்றால் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நிற்பேன்?

பேனாவை மூடினேன்.

"சார், லெட்டர் தர மாட்டேன். ஆனா கல்லு ரோட்டை விட்டுப் போயிடும். யாருக்கும் ஒரு அடி விழாமப் போயிடும். ஒரு மணி நேரம் குடுங்க."

"எப்படிப் போகும்?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

எப்படிப் போகும் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. ஒரே ஒரு விஷயம்தான் மனசில் ஓடியது. கூட்டத்துக்குள் நடந்து போய் அஞ்சலைக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சாமி எடம் பேர்ந்து வந்திருக்காரே. கழுவிப் பொங்க வெச்சு, எண்ணெ பூசித்தானே கொண்டாந்தீங்க?"

அஞ்சலை மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"வெச்சீங்களாடா?"

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "எங்கக்கா நேரம்... போலீசு வரதுக்குள்ள நட்டுடணும்னு... பசங்க மாலையப் போட்டு அப்பிடியே தூக்கிக்கினு..."

அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு விழுந்த திட்டு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. "பொம்பளைங்க ஒருத்தியக் கேட்டீங்களாடா? நாத்து நட்டுட்டு வந்து பாத்தா சாமி ரோட்டுல குந்திக்கினு கீது! கழுவாம, பொங்காம, பொட்டு எண்ணெ இல்லாம, தாருல நட்டு வெச்சிட்டு மறியல் பண்றாங்களாம் மறியல்!" மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். இருபது போலீஸ்காரர்களால் முடியாதது ஐந்து நிமிஷத்தில் நடந்தது.

ஏழுமலை மட்டும் விடவில்லை. "இப்ப எட்த்தா மறியல் தோத்தா மாதிரி ஆயிடும்க்கா. அவுங்களுக்குப் பயந்துக்கினு எட்த்தோம்னு பேசுவாங்க."

"சாமிதான்டா எழுந்து அவரு எடத்துக்குப் போறாரு" என்றார் அஞ்சலை. "நீ குந்து. உன்ன யாரு எழுந்திருக்கச் சொன்னது?"

அதைத்தான் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கல் போய்விடும், ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ஆளுங்களை வேன்ல ஏத்திக்கிறது பிரச்சனையில்ல. எல்லா ஊர்லயும் அதான் செய்யறோம், சாயந்தரம் விட்டுடுவோம். அந்தக் கல்லுதான் எனக்குத் தலைவலி." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தார்ச்சாலையின் நடுவே மூன்று கல் கூட்டிப் பொங்கல் பானை ஏறியது. புளியைக் கரைத்து, சீயக்காய் போட்டு, நாலு பெண்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்து தேய்த்தார்கள். கருப்பு கருப்பாக அழுக்கு வழிந்து போயிற்று. பார்த்தீர்களா, நானே மறுபடி அழுக்கு என்று எழுதுகிறேன். எண்ணெய். பழைய எண்ணெய் வழிந்து போயிற்று. நான் பார்த்திருந்த நாலு வரிக்குக் கீழே ஐந்தாவது வரி வந்தது, ஆறாவது வந்தது, ஏழாவதும் வந்தது. எனக்கு உள்ளங்கை அரித்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தொடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னா, மரம் மாதிரி நின்னுக்கினு கீற? உன் தாளு எங்க?"

"எடுக்கட்டுமாக்கா?"

"ஏழு வருசம் நிக்கப்போறியா? பொங்க பொங்கறதுக்குள்ள முடி."

முழங்காலிட்டு உட்கார்ந்தேன். தாளை நனைத்துக் கல்லில் ஒட்டினேன். எழுத்தெல்லாம் தாளில் பதிந்து, மை வைக்கப்போகிற நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பின்னாலேயே தூறல். மைப்படி எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் மேலே நாலு சொட்டு விழுந்தால் எல்லாம் பாழ். ஐயோ என்று கத்தியேவிட்டேன்.

ஏழுமலையும் இன்னொரு பையனும் மறியல் பந்தலிலிருந்து தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தார்கள். மற்ற இரண்டு மூலையும் காற்றில் படபடவென்று அடித்தன. பக்கத்தில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் எங்கேயோ பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருவரும் தடியைத் தரையில் வைத்துவிட்டு வந்து மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்தார்கள். ஏழுமலைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. கை வலித்தபோது மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கல் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மைப்படி எடுத்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக ஒன்றுகூட வந்ததில்லை.

தாள் காய்ந்து உரித்து எடுத்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா எழுதிக்கீது?" என்றார் அஞ்சலை.

எல்லா எழுத்தும் எனக்கு அப்போதே பிடிபட்டுவிடவில்லை. பிடிபட்டதைப் படித்தேன். பகைவர் வந்து ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது, தொடர்ந்து போய் மாடுகளை மீட்டுவிட்டுச் செத்துப்போனவன் சாத்தன். அவனுக்கு ஊரார் நட்ட கல்.

"பேரு சாத்தனா?"

"ஆமாக்கா. சாத்தன்."

அஞ்சலை அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தினி வருசமா பேரு தெரியாமலே பூசிக்கினு இருந்தனே" என்றார். பிறகு கல்லின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

பொங்கல் பொங்கியது. புது எண்ணெய் பூசினார்கள், இந்தத் தடவை என் கையையும் பிடித்து இழுத்துப் பூசச் சொன்னார்கள். இலையில் பொங்கல் அதிகாரிக்கும் போயிற்று. புல்டோசர் டிரைவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஏழுமலையும் அவன் கூட்டாளிகளும் கல்லைத் தோளில் ஏற்றி, பெண்கள் குலவை போட, மரத்தடியில் பழைய இடத்திலேயே நட்டார்கள். நட்டுவிட்டுத் திரும்பி வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். அதிகாரி "ஏறுங்கப்பா" என்றார். கோஷம் போட்டுக்கொண்டே வேனில் ஏறினார்கள். சாயந்தரம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சாலையில் அன்றைக்கு ஒரு சொட்டு ரத்தம் விழவில்லை. அந்த வாரத்தில் அது பெரிய விஷயம்.

இதோடு கதை முடிந்தது, கிளை பிழைத்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வருஷக் கடைசியில் மாநிலக் குழு வந்தது. ஐந்து பேர், எங்கள் ஒற்றை அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தலைவர் அதிகம் பேசாதவர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மைப்படியைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

குழுவில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மைப்படி சரி, ஆனால் ஒரு கல்லுக்காக ஒரு கிளையா என்று கேட்டார். இன்னொருவர் அதற்கு மேலே போனார். அரசாங்கப் பாதுகாப்புக்குள் கொண்டுவர வாய்ப்பு கிடைத்தும், கடிதம் தர மறுத்து ஒரு நடுகல்லை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தது பொறுப்பான செயல்தானா என்றார். ஊரைத் தூண்டிவிட்டவளும் நான்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "கல்லு எங்கயும் போயிடல சார். எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கு. அதுக்கு ராவும் பகலும் ஒரு ஊரே காவல். தாலுகா ஆபீசுல ஒரு பூட்டுதான் காவல்" என்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. தீர்மானம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டு வந்திருந்தது. கள்ளக்குறிச்சிக் கிளையை மூடுவது. அதை ஒருவர் தலைவரின் முன்னால் நகர்த்தி வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுவதை அவர்கள் பார்க்கக் கூடாது என்றுதான்.

அப்போது மரப்படி கிரீச்சிட்டது. ஒருவர் ஏறுகிற சத்தம் இல்லை அது. முதலில் தலையைக் குனிந்துகொண்டு அஞ்சலை உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பெண்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. அறையில் நிற்க இடம் இல்லாமல் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இவதாம்மே அந்தப் பொண்ணு" என்று என்னை அவர்களுக்குக் காட்டினார் அஞ்சலை. பிறகு என்னிடம், "இவுங்கல்லாம் மலையோரத்து ஊருக்காரங்க, ஆளுக்கு ஒரு ஊரு. எங்க சாமிக்குப் பேரு கண்டுபுட்ச்சது காதுல வுழுந்துட்ச்சு. அவங்க சாமிக்கும் பேரு கீதான்னு பாக்கணுமாம். பொங்கலுக்குக் கழுவறாங்களாம். கேக்காம நீ கைய வெக்க மாட்டேன்னு சொன்னேன். அதான் நாங்களே கேக்க வந்துட்டோம்" என்றார்.

அஞ்சலை அப்போதுதான் நாற்காலியில் இருந்தவர்களைக் கவனித்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இன்னும் கீழ கீறாங்க சார். படி தாங்காதுன்னு நிறுத்திட்டு வந்தேன்."

தலைவர் எழுந்து ஜன்னலுக்கு வந்து, என் பக்கத்தில் நின்று கீழே பார்த்தார். சைக்கிள் கடை வாசலிலிருந்து எதிர்ச் சாரி வரைக்கும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் கையில் வெற்றிலைத் தட்டு. அண்ணாந்து ஜன்னலையே பார்த்தார்கள். அவர் திரும்பி மேஜைக்குப் போனார். முன்னால் இருந்த தீர்மானத்தை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்ட தாள் போதுமாம்மா?"

"போதாது சார்" என்றேன்.